பிஎஸ்6 பிக்கப்பில் டிபிஎஃப் லைட் திரும்பத் திரும்ப எரிவது ஏன்?

படிக்கிற மற்றவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் காய்கறி வண்டி ஓட்டுகிறார். 2021 மாடல் பிஎஸ்6 டீசல் பிக்கப், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தோட்டங்களில் மூட்டை ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவதுதான் வேலை. ஒரு நடைக்கு ஐந்து, எட்டு கி.மீ. இருக்கும். போன சித்திரையில் வண்டி சூடேறியதால் உள்ளூரில் ரேடியேட்டர் வேலை பார்த்தார். அதன்பிறகு சூடு பிரச்சினை இல்லை. ஆனால் ஆடி மாதத்திலிருந்து டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர்) லைட் எரிய ஆரம்பித்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் மூன்று முறை ஃபோர்ஸ் ரீஜென் செய்தார்கள், அதாவது ஸ்கேனரை மாட்டி அந்தக் கரியைக் கட்டாயமாக எரிக்கவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நாள் தாங்குகிறது, பிறகு மறுபடி லைட் எரிந்து இழுவை போய்விடுகிறது. பிரஷர் சென்சாரும் புதிதாகப் போட்டாயிற்று. இப்போது ஃபில்டரையே மாற்ற வேண்டும், லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரோ, ஃபில்டரின் உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ப்ரோக்ராமை மாற்றிவிடலாம், செலவு கம்மி என்கிறார். எதைச் செய்வது?

இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். ஃபோர்ஸ் ரீஜென் முடிந்ததும் லைட் அணைந்து, பத்து நாளாவது வண்டி ஒழுங்காக இழுக்கிறது என்றால், உள்ளே அடைத்திருப்பது எரியக்கூடிய கரிதான். எரித்தால் போய்விடுகிறது. ஃபில்டரே போயிருந்தால் ரீஜென் முடிந்த அன்றைக்கே பழைய கதை தொடர்ந்திருக்கும். ஆகவே பார்க்க வேண்டியது வேறு. வண்டி அளவுக்கு மீறிக் கரி கக்குகிறதா, அல்லது வழக்கமான கரிதான் சேருகிறது, ஆனால் ஓட்டத்தில் தானாக எரிய முடியாமல் ஏதோ தடுக்கிறதா? உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிற அந்த ரேடியேட்டர் வேலைமேல்தான் எனக்குச் சந்தேகம். ஏன் என்று சொல்ல, இந்தச் சுத்திகரிப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோது டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10 பிபிஎம்முக்கு இறங்கியது. இந்த ஃபில்டர்களும் வினையூக்கிகளும் கெடாமல் உழைக்க அந்தச் சுத்தமான டீசல் தேவை. டர்போவைத் தாண்டி வரும் புகை முதலில் டிஓசி என்ற வினையூக்கிக்குள் போகிறது, அடுத்து டிபிஎஃப். டிபிஎஃப் என்பது தேன்கூடு போலப் பொடிப் பொடிக் குழாய்களாக இருக்கும் பீங்கான் கட்டை. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பக்க வாய் அடைபட்டிருக்கும். அதனால் புகை சுவர் வழியாகத்தான் கசிந்து அடுத்த குழாய்க்குப் போக முடியும். கரி இந்தப் பக்கமே தங்கிவிடும்.

தங்கிய கரியை எரிக்க இரண்டு வழி. நல்ல லோடோடு ஹைவேயில் போகும்போது புகையே சூடாக இருக்கும். டிஓசி உண்டாக்கும் நைட்ரஜன் டை ஆக்ஸைடின் துணையால் 250 முதல் 400 டிகிரியிலேயே கரி மெதுவாகக் கரைந்துகொண்டிருக்கும். யாருக்கும் தெரியாது, லைட்டும் எரியாது. உங்களைப் போலச் சின்னச் சின்ன நடையாக ஓட்டுபவருக்கு அந்தச் சூடு வராது. அப்போது ஈசியு தானே ரீஜெனைத் தொடங்கும். எரிப்பு முடிந்த பிறகு, பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் இன்ஜெக்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விடும். அந்த டீசல் டிஓசியில் போய் எரிந்து, டிபிஎஃப் வாயில் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றும். கரி எரிந்து முடியப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். சில வண்டிகளில் இந்தக் கூடுதல் டீசலை விடுவதற்கென்றே புகைக்குழாயில் தனி இன்ஜெக்டர் இருக்கும்.

இதைத் தொடங்க ஈசியு பல நிபந்தனைகள் வைத்திருக்கிறது. கூலன்ட் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். வண்டி ஓட்டத்தில் இருக்க வேண்டும். பல வண்டிகளில் டீசல் ரிசர்வில் இருந்தால் தொடங்காது. இஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஏற்பாடு), டெம்பரேச்சர் சென்சார், இன்ஜெக்டர் என்று எதிலாவது எரர் நின்றாலும் தொடங்காது. இதில் ஒன்று குறைந்தால் போதும், ரீஜென் தள்ளிப்போகும், கரி மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். டேஷ்போர்டில் வருவது டிபிஎஃப் லைட் என்பதால் எல்லோரும் டிபிஎஃப்பையே பார்க்கிறார்கள்.

சரி, ரேடியேட்டருக்கு வருவோம். நம் ஊரில் வண்டி சூடாகிறது என்று போனால் பல மெக்கானிக்குகள் செய்யும் முதல் வேலை தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. "இந்த வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பார்கள். பழைய இன்ஜின்களில் அப்படி ஓட்டியவர்கள் ஏராளம். இன்ஜின் சீக்கிரம் தேய்ந்ததே தவிர, உடனே கண்ணுக்குத் தெரிந்த கெடுதல் எதுவும் வரவில்லை. பிஎஸ்6 வண்டியில் அது நேராக டிபிஎஃப்பில் போய் முடிகிறது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகச் சுற்றும். ஐந்து கி.மீ. நடையில் இன்ஜின் வேலைச் சூட்டுக்கே வராது. வந்தாலும் சாலையில் காற்றடித்ததும் இறங்கிவிடும். கூலன்ட் சூடாகவில்லை என்று ஈசியு ரீஜெனைத் தொடங்காது, தொடங்கியதையும் பாதியில் விட்டுவிடும். போதாக்குறைக்கு, சூடேறாத இன்ஜினில் டீசல் சரியாக எரியாமல் கரியும் கூடுதலாக வரும். சித்திரையில் ரேடியேட்டர் வேலை, ஆடியில் டிபிஎஃப் லைட் என்ற கணக்கு இதோடு ஒத்துப்போகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடத்தில் பானெட்டைத் திறந்து, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ஓஸ் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் கவனமாகத் தொட வேண்டும். தெர்மோஸ்டாட் நல்லபடியாக இருந்தால் இன்ஜின் சூடேறும் வரை அந்த ஓஸ் சூடில்லாமல் குளிர்ந்தே இருக்கும்; வால்வு திறந்ததும்தான் சட்டென்று சூடாகும். வால்வு இல்லாத வண்டியில் ஓஸ் இன்ஜினோடு சேர்ந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஓபிடி கருவியை ஸ்டீயரிங் அடியில் உள்ள சாக்கெட்டில் செருகி, மொபைலில் கூலன்ட் சூட்டைப் பாருங்கள். கால் மணி நேரம் ஓட்டினால் 80 டிகிரியைத் தாண்டி அங்கேயே நிற்க வேண்டும். 60, 65 என்று ஊசலாடினால் விடை கிடைத்துவிட்டது. டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்ப வேண்டாம், பல வண்டிகளில் அது ஒரு பெரிய இடைவெளிக்கு ஒரே இடத்தில் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். தெர்மோஸ்டாட்டுக்கு பி0128 என்ற எரர் கோடு உண்டு, ஸ்கேனரில் தெரியும். ஆனால் நம் வெயிலில் இன்ஜின் எப்படியோ தட்டுத்தடுமாறிச் சூடேறிவிடும் என்பதால் அந்தக் கோடு பதியாமலும் போகலாம். கோடு இல்லை, ஆகவே தெர்மோஸ்டாட் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

வால்வு இல்லை என்று தெரிந்தால் கம்பெனி சொன்ன அதே டிகிரி வால்வைப் போடுங்கள், கூடவே சரியான கூலன்ட்டை ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்புப் படிந்து, சித்திரையில் வந்த சூட்டுக்கே அதுதான் காரணமாகக்கூட இருந்திருக்கலாம். அப்படியென்றால் ரேடியேட்டரைத் திறந்து சுத்தம் செய்யாமல் வால்வை மட்டும் போட்டால் மறுபடி சூடேறும், மறுபடி யாராவது வால்வைக் கழற்றுவார்கள்.

இதைப் பார்ப்பதற்கும் முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ரீஜெனுக்காக விடும் கூடுதல் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரோடு வழிந்து ஆயில் சம்ப்பில் போய்ச் சேரும். ரீஜென் ஒழுங்காக முடிந்தால் இந்த அளவு கொஞ்சம்தான். தொடங்கி, பாதியில் நின்று, மறுபடி தொடங்கி என்று போனால் ஆயில் அளவு ஏறிக்கொண்டே வரும். உங்கள் வண்டியில் மூன்று ஃபோர்ஸ் ரீஜெனும் சேர்ந்திருக்கிறது. ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, தொட்டால் தண்ணீர் மாதிரி ஓடி டீசல் வாடை அடித்தாலோ, கி.மீ. கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள். டீசல் கலந்த ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தின்றுவிடும். அளவு மிகவும் ஏறினால் ஆயில் பிரீதர் வழியாக இன்டேக்கில் ஏறி, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் இன்ஜின் தானாகவே ஓடித் தீர்க்கும் ஆபத்தும் உண்டு. ஆயில் குறைந்தால் பதறுகிற நாம் கூடினால் கண்டுகொள்வதில்லை. இந்த வண்டிகளில் கூடுவதுதான் கவலை.

மாற்றும்போது எந்த ஆயில் ஊற்றுகிறார்கள் என்று டின்னைப் பார்த்து வாங்குங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் ஏசிஇஏ சி3 என்றோ ஏபிஐ சிகே-4 என்றோ, அல்லது கம்பெனியின் சொந்தக் குறியீடோ இருக்கும், அதையே ஊற்றுங்கள். ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம் போன்றவை எரிந்தால் சாம்பலாகும். அந்தச் சாம்பல் எந்த ரீஜெனிலும் எரியாது, ஃபில்டரிலேயே தங்கிவிடும். சி3 ஆயிலில் சாம்பல் தரும் பொருள் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சிகே-4 ஆயிலில் 1 சதவீதம். லாரிக்கடையில் பழக்கமாக ஊற்றும் சிஐ-4 ஆயிலுக்கு இப்படி ஒரு வரம்பே இல்லை. அது நல்ல ஆயில்தான், டிபிஎஃப் இல்லாத வண்டிக்கு. உங்கள் வண்டியில் அதை ஊற்றினால் ஃபில்டரின் ஆயுளை நீங்களே குறைக்கிறீர்கள்.

தெர்மோஸ்டாட் நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் பார்க்க வேண்டியது ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் வித்தியாசம், அதை வைத்துத்தான் ஃபில்டர் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று ஈசியு கணக்கிடும். புதுச் சென்சார் போட்டாயிற்று என்கிறீர்கள், ஆனால் அந்தச் சென்சாரிலிருந்து ஃபில்டருக்குப் போகும் இரண்டு ஓஸ்களை யாராவது பார்த்தார்களா? ஒன்று ஃபில்டருக்கு முன்னால், ஒன்று பின்னால். சூட்டில் காய்ந்து, அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெடித்திருக்கும். அல்லது தொங்கலான இடத்தில் தண்ணீரும் கரியும் தேங்கி அடைத்திருக்கும். ஒரு முனையில் ஊதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கழற்றி மாட்டும்போது இரண்டையும் மாற்றிச் செருகியிருந்தால் கணக்கு தலைகீழாகும். பல வண்டிகளில் புதுச் சென்சார் போட்டதும் ஸ்கேனரில் அதற்குப் பூஜ்யம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், காலி ஃபில்டரையே அடைத்த ஃபில்டர் என்று ஈசியு நினைத்துக்கொள்ளும்.

ஸ்கேனரில் இதை நீங்களே உட்கார்ந்து பார்க்கலாம். சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: பிரஷர் பூஜ்யமோ அதை ஒட்டியோ இருக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோதே 15, 20 மில்லிபார் காட்டினால் சென்சார் கணக்கு பொய். இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் சுத்தமான ஃபில்டர் சில மில்லிபார்தான் காட்டும். 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் கூடும். மிதியை விட்டதும் அதே வேகத்தில் இறங்க வேண்டும். ரீஜென் முடிந்த அன்று ஒரு முறை, லைட் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முறை இந்த எண்களைக் குறித்து வைத்து ஒப்பிடுங்கள். ரீஜென் முடிந்த கையோடு எடுத்த எண்ணே அதிகமாக இருந்தால்தான் சாம்பலைப் பற்றிப் பேச வேண்டும்.

கோடுகளில் பி2463 என்றால் கரி அதிகம், பி242எஃப் என்றால் சாம்பல் அதிகம், பி2452-லிருந்து பி2455 வரை பிரஷர் சென்சார் சம்பந்தப்பட்டவை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "டிபிஎஃப் எரர்" என்று ஒரே வார்த்தையில் பில் போட்டிருந்தால், கோடு எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். பி2002 வந்தால் விஷயம் நேர் எதிர்: ஃபில்டர் கரியைப் பிடிக்கவில்லை, வெடித்திருக்கலாம். அதற்கு ஸ்கேனர்கூட வேண்டாம். டெயில் பைப் உள்ளே ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். நல்ல டிபிஎஃப் உள்ள வண்டியில் ஒரு லட்சம் கி.மீ. ஆனாலும் குழாயின் உள்பக்கம் சாம்பல் நிறத் தகரமாகத்தான் இருக்கும். துணி கறுப்பாக வராது. மை மாதிரிக் கரி ஒட்டினால் ஃபில்டர் உடைந்திருக்கிறது.

ரீஜென் தொடங்குகிறது ஆனால் முடிவதில்லை என்றால் டெம்பரேச்சர் சென்சார்களைப் பார்க்க வேண்டும். ரீஜென் நடக்கும்போது டிபிஎஃப் வாயில் 550 டிகிரியைத் தாண்டி ஏற வேண்டும். கூடுதல் டீசல் போய்க்கொண்டே இருந்தும் 350, 400-லேயே நின்றால் டிஓசி வேலை செய்யவில்லை, அல்லது அதன் முகம் கரியால் மூடியிருக்கிறது. தனி இன்ஜெக்டர் உள்ள வண்டியானால் அது அடைத்திருக்கலாம். எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வரும், வாடை கண்ணைக் கரிக்கும். எல்லாச் சென்சாரும் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதை மாற்றுங்கள். டிபிஎஃப்பைவிட அது எவ்வளவோ மலிவு.

"வாரம் ஒருமுறை ஹைவேயில் ஓட்டுங்கள், சரியாகிவிடும்" என்ற அறிவுரை உங்களுக்கும் வந்திருக்கும். உங்கள் வகை ஓட்டத்துக்கு அது சரியான அறிவுரைதான். ஆனால் எல்லா வண்டிக்கும் அதுவே மருந்து என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகளில் நடந்தது இதற்கு நேர் மாறானது. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற 2.64 லட்சம் வண்டிகளின் டிபிஎஃப் ஏற்பாட்டில் வடிவமைப்புக் குறை இருந்தது என்று அங்குள்ள ஃபெடரல் கோர்ட் 2022-ல் தீர்ப்புச் சொன்னது. அந்தக் குறை வெளிப்பட்டது தொடர்ந்து 100 கி.மீ. வேகத்தில் ஓட்டும்போதுதான். வெள்ளைப் புகை, வாடை, அடிக்கடி ரீஜென் என்று உரிமையாளர்கள் அலைந்தார்கள். ஓட்டுகிறவர் எல்லாம் ஒழுங்காகச் செய்தும் வண்டியின் வடிவமைப்பிலேயே கோளாறு இருக்க முடியும். டிரைவர்மேல் பழியைப் போட்டு அனுப்பும் சர்வீஸ் அட்வைசரிடம், உங்கள் மாடலுக்கு ஈசியு சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

கரி அதிகமாக வருவது பக்கமும் ஒரு கண் வையுங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஓஸில் கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதன்மேல் புழுதி ஒட்டியிருக்கிறதா? லோடு ஏறும்போது உஸ் என்ற சத்தம் கேட்கிறதா? அங்கே காற்று கசிகிறது. காற்று குறைந்தால் கரி கூடும். முன்பு இது கறும்புகையாகத் தெரியும். இப்போது டிபிஎஃப் அதை விழுங்கிவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. தோட்டத்துப் புழுதியில் ஓடும் வண்டிக்குக் கம்பெனி சொன்ன கி.மீ. வரை ஏர் ஃபில்டர் தாங்காது. இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றாலும் இதே கதைதான். 92,000 ஆகிவிட்டதால் ஒரு நல்ல பம்ப் கடையில் நாசில் நான்கையும் கொடுத்து ரிட்டன் அளவு பார்ப்பதும் வீணாகாது. அப்புறம், ஏற்றி இறக்கும் நேரத்தில் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். ஐடிலில் கரி சேரும், சூடு இருக்காது. யூரியா டேங்க் உள்ள வண்டிகளின் பிரச்சினை தனிக் கணக்கு. உங்களுடையது கரி அடைப்பு என்பதால் அதற்குள் நான் போகவில்லை. அந்த டேங்கில் வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றக் கூடாது என்பதை மட்டும், வண்டியில் அந்த டேங்க் உள்ளவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு ஒருமுறை முழு ரீஜென் வேண்டும். முடிந்தால் ஓட்டத்திலேயே முடியுங்கள். திண்டுக்கல் ரோட்டில் அரை மணி நேரம், லோடோடு, ஒரு கியர் குறைத்து 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் வைத்து ஓட்டுங்கள். வேகம் முக்கியமில்லை, புகைக்குச் சூடு வேண்டும். ரீஜென் நடப்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்: ஐடில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்கும், ஃபேன் விடாமல் ஓடும், மைலேஜ் மீட்டர் திடீரென்று இறங்கும், வண்டியை நிறுத்தினால் அடியிலிருந்து காய்ந்த வாடை வரும். அந்த நேரத்தில் வீடு வந்துவிட்டது என்று ஆஃப் செய்யாமல் இன்னும் பத்து நிமிடம் சுற்றி வாருங்கள். வேறு வழியில்லாமல் நிறுத்தி வைத்து ஃபோர்ஸ் ரீஜென் செய்ய வேண்டியிருந்தால் வெட்டவெளியில், சிமென்ட் தரையில் செய்யச் சொல்லுங்கள். மார்க்கெட்டில் வைக்கோலும் சாக்கும் அட்டைப்பெட்டியும் கிடக்கும் இடத்தில் ஒருநாளும் வேண்டாம். டெயில் பைப்பிலிருந்து வரும் காற்றே அவற்றைப் பற்றவைக்கும். அதற்கு முன்னால் ஆயில் அளவு பார்க்க வேண்டும், முடிந்த பிறகும் பார்க்க வேண்டும்.

குடைந்து எடுக்கும் யோசனையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்ற அனுமதி இல்லை. புகை விதியை மீறினால் 190-ஆவது பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு, லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். எஃப்சிக்குப் போகும் வியாபார வண்டியில் இது ஒவ்வொரு முறையும் தலைவலி. அமெரிக்காவில் பத்தாண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படிக் கழற்றியிருக்கிறார்கள் என்று அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பான ஈபிஏ 2020-ல் அறிக்கை வெளியிட்டது. செய்துகொடுத்த கடைகள் மீது வழக்கும் போட்டது. எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் வேறு. டீசல் புகை புற்றுநோய் வரவைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது. உங்கள் டெயில் பைப்புக்கு இரண்டடி தள்ளி நின்று காலை முழுக்க மூட்டை இறக்குகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அதோடு, ஃபில்டரைக் குடைந்தாலும் தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் அப்படியே இருக்கும், கசியும் ஓஸ் அப்படியே இருக்கும். காட்டிக்கொடுத்த லைட்டை மட்டும் அணைத்திருப்பீர்கள்.

கடைசியாக, எல்லாம் பார்த்தும் ரீஜெனுக்குப் பிறகும் பிரஷர் இறங்கவில்லை, சாம்பல்தான் என்று உறுதியானால், அப்போதுகூடப் புதுசு வாங்குவதற்கு முன்னால் கழற்றிச் சுத்தம் செய்யக் கேளுங்கள். டிபிஎஃப் சுத்தம் செய்வதற்கென்று மெஷின் வைத்திருக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். முதலில் எடை போட்டு, சூளையில் சுட்டுக் கரியை எரித்து, எதிர்ப்பக்கமிருந்து காற்றையோ தண்ணீரையோ விட்டுச் சாம்பலைத் தள்ளி, காயவைத்து மறுபடி எடை போட்டுக் காட்டுவார்கள். இரண்டு எடையையும் காற்றோட்ட அளவையும் எழுதி வாங்குங்கள். வாட்டர் சர்வீஸ் கடை பிரஷர் கன்னால் அடிப்பது, ஆசிட்டில் ஊறப்போடுவது இரண்டும் பீங்கானையும் அதைச் சுற்றியிருக்கும் மெத்தையையும் நாசமாக்கும். டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில்கள் சாம்பலை ஒன்றும் செய்யாது.

சுத்தம் செய்து மாட்டியதும் ஸ்கேனரில் சாம்பல் கணக்கைப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். சிலர் ஃபில்டரைக் கழற்றாமலேயே அந்தக் கணக்கை மட்டும் அழித்து லைட்டை அணைத்துத் தருவார்கள். அதை அனுமதிக்காதீர்கள். நிறைந்த ஃபில்டரைக் காலி என்று ஈசியு நம்பி, எரிக்க வேண்டிய நேரத்தைத் தாண்டிக் கரியைச் சேரவிடும். பிறகு ஒருநாள் அத்தனையும் ஒன்றாகப் பற்றினால் பீங்கான் வெடித்துவிடும். கணக்கு மாற்றியான பிறகு முதல் ஒரு மாதம், ஒரு ரீஜெனுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை கி.மீ. ஓடியது என்பதை மொபைலில் பார்த்துக் குறித்து வாருங்கள். சில நூறு கி.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. நூறைத் தொடும் முன்பே அடுத்தது வந்தால் கரி எங்கிருந்தோ இன்னும் வருகிறது, இன்டர்கூலர் ஓஸிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.